‘பாயிண்ட்’ என்றால் என்ன? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும், விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கும், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுபவர்களுக்கும் மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வகுப்பு என்றாலும் ‘பாயிண்ட்’ என்ற சொல்லைப் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. தெரியாத சொல்லென்றால் அகராதியைப் புரட்டியிருப்பார்கள். தெரியும் என்று நினைப்பதால்தான் இடறுகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் இங்கே தருகிறேன்.

“ஏழு பாயிண்ட் காட்டுகிறேன்” என்று இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவரிடம் சொன்னேன், டீச்சர். அவர் திருதிருவென்று விழித்தார். என்ன தப்பு?

இலக்கணத் தப்பு எதுவும் இல்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் ‘பாயிண்ட்’ என்பது வாடகை பேசும் அலகாகிவிட்டது. தொட்டபெட்டா ஒரு பாயிண்ட், தாவரவியல் பூங்கா ஒரு பாயிண்ட், படகு இல்லம் ஒரு பாயிண்ட். “எத்தனை பாயிண்ட், எவ்வளவு வாடகை?” என்றால் டெல்லியிலிருந்து வந்தவருக்கும் புரிகிறது. இங்கிலாந்துக்காரர் காதில் அது ஏழு மதிப்பெண்ணாகவோ, ஏழு வாதங்களாகவோ விழும். ஏதோ சொற்பொழிவு ஆரம்பிக்கப் போகிறது என்று அவர் பயந்திருக்கலாம்.

“செவன் பிளேசஸ்” என்று சொல்லுங்கள், போதும். மலைவிளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்துக்கு மட்டும் ‘வியூபாயிண்ட்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் கடை எந்த ஆங்கிலத்திலும் வியூபாயிண்ட் ஆகாது, அங்கே கமிஷன் கிடைத்தாலும்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘புங்கெரே’ என்றால் குத்துதல். குத்தினால் விழும் சிறு அடையாளம் ‘புங்க்டும்’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டு பொருள்களைச் சேர்த்துக் கொண்டுவந்தது: குத்துகிற முனை, குத்தியதால் விழுந்த புள்ளி. ஊசியின் நுனியும் பாயிண்ட், அது துணியில் போட்ட துளியளவு தடமும் பாயிண்ட்.

மற்ற எல்லாம் இந்த இரண்டின் கிளைகள்தான். முனைப் பக்கத்தில் பென்சில் நுனி, கடலுக்குள் நீண்ட நிலமுனை, விரலை நீட்டிக் காட்டுதல், பேச்சு எதை நோக்கிக் கூர்மையாகிறதோ அந்த நோக்கம். புள்ளிப் பக்கத்தில் தசமப் புள்ளி, வரைபடத்தில் ஓர் இடம், காலத்தில் ஒரு கணம், விளையாட்டில் ஒரு மதிப்பெண், வெப்பமானியில் ஓர் அளவு. புதிதாக ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் “இது முனையா, புள்ளியா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அதே வேரிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் நமக்குப் பழக்கமானவர்களே. கொண்டை ஊசி வளைவில் நம்மை இறக்கிவிடும் பஞ்சர் அதில் மூத்தவர். நேரம் தவறாத ‘பங்ச்சுவல்’ இன்னொருவர். வேலைக்கு எடுக்கும் ‘அப்பாயிண்ட்மெண்ட்’கூட இந்தக் குடும்பம்தான்.

வியூபாயிண்ட்டும் பாயிண்ட் ஆஃப் வியூவும் ஒன்றா?

கருத்தைச் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகலாம். “ஃப்ரம் மை வியூபாயிண்ட்” என்றாலும் “ஃப்ரம் மை பாயிண்ட் ஆஃப் வியூ” என்றாலும் ‘என் பார்வையில்’ என்றுதான் பொருள். ஆனால் மலைவிளிம்பில் கம்பி வேலி போட்ட இடத்தை யாரும் பாயிண்ட் ஆஃப் வியூ என்று சொல்வதில்லை. ‘வியூ பாயிண்ட்’ என்று பிரித்து எழுதுவது நம் ஊர்ப் பலகைகளின் வழக்கம். ஆங்கில அகராதிகளில் அது ஒரே சொல்.

தமிழில் யார் முதலில் ‘காட்சி முனை’ என்று எழுதினாரோ தெரியாது, அவருக்கு என் வணக்கம். காட்சிப் புள்ளி என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், நிலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். கோடநாடு காட்சி முனையில் நின்றால் நிலம் முடிந்து, கீழே மாயாறு பள்ளத்தாக்கு திறக்கிறது. குன்னூர் டால்பின் நோஸ் உண்மையிலேயே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. எதிரே கேத்தரின் அருவி. கூடலூர் போகும் வழியில் இருப்பதன் பெயரே ஊசிமலை காட்சி முனை. இந்த இடங்களில் முனை என்ற சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

கொடைக்கானலில் முன்பு தற்கொலையின் பெயரால் அழைக்கப்பட்ட முனையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு இப்போதைய பெயர் கிரீன் வேலி வியூ. அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். பழைய பெயரைச் சொல்லி விருந்தினருக்குக் கதை கூட்ட வேண்டாம்.

முதுமலையில் வழிகாட்டியாக இருக்கிறேன். புள்ளிமானை ‘பாயிண்டட் டீர்’ என்று சொல்லலாமா?

கூடாது. ‘பாயிண்டட்’ என்றால் கூரான என்று பொருள், மானைக் கூராக்கிவிடுவீர்கள். உடம்பில் இருக்கும் வட்டப் புள்ளிக்கு ‘ஸ்பாட்’ என்பதே சொல், ஆகவே ‘ஸ்பாட்டட் டீர்’. கோலத்துக்கு வைக்கும் புள்ளி ‘டாட்’. தமிழில் புள்ளி என்ற ஒரே சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே மானின் தலைக்கு மேலே பார்த்தீர்களானால் பாயிண்ட் இருக்கிறது. கொம்பின் ஒவ்வொரு கிளை நுனியும் ஒரு பாயிண்ட். நன்கு வளர்ந்த ஆண் கடமானுக்கு ஒரு கொம்பில் பொதுவாக மூன்று நுனிகள் இருக்கும். இரண்டு கொம்பையும் சேர்த்து எண்ணும் பிரிட்டிஷ் வழக்கப்படி அது ‘சிக்ஸ் பாயிண்டர்’. ஆண் புள்ளிமானுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். இந்த ஒரு தகவலைச் சரியாகச் சொன்னால் விருந்தினர் உங்களை வேறு மரியாதையுடன் பார்ப்பார்.

“நோ பாயிண்ட் டு கோ நவ்” என்று சொன்னால் சரியா? தொட்டபெட்டாவில் மூடுபனி என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

கருத்து சரி, கட்டமைப்பு தவறு. “தேர் இஸ் நோ பாயிண்ட் இன் கோயிங் நவ்” என்பது சரியான வடிவம். ‘இன்’ வரும், அதன்பின் வினைச்சொல் ‘இங்’ என்று முடியும். இங்கே பாயிண்ட் என்றால் பயன். “போய்ப் பயனில்லை” என்று தமிழில் நினைத்து அப்படியே மாற்றும்போது ‘டு கோ’ வந்துவிடுகிறது. என் வகுப்பில் அதிகம் திருத்துவது இந்த வாக்கியத்தைத்தான். 2637 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை என்பதால் பயிற்சிக்கும் குறைவில்லை.

“வாட் இஸ் தி பாயிண்ட்?” என்பதிலும் இதே பொருள்தான். எச்சரிக்கை: அது உண்மையான கேள்வியாகவும் இருக்கலாம், சலிப்பாகவும் இருக்கலாம். உங்கள் விளக்கத்தை நடுவில் நிறுத்தி ஒருவர் அப்படிக் கேட்டால் ‘இதனால் என்ன ஆகப்போகிறது?’ என்று அர்த்தம். வாடிக்கையாளரிடம் நீங்கள் அதைச் சொல்லாதீர்கள்.

2.25 என்பதை ‘டூ பாயிண்ட் ட்வெண்டிஃபைவ்’ என்று படிக்கிறோமே?

நம்மில் பலரும் அப்படித்தான் படிக்கிறோம். ஆங்கில முறையில் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: ‘டூ பாயிண்ட் டூ ஃபைவ்’. காரணம் உண்டு. ‘பாயிண்ட் ட்வெண்டிஃபைவ்’ என்று கேட்பவர் அதை ‘பாயிண்ட் நைன்’ஐவிடப் பெரியது என்று நினைத்துவிடலாம், இருபத்தைந்து ஒன்பதைவிடப் பெரியதல்லவா! பணத்துக்கு இந்த விதி இல்லை. ரூபாய், பைசா என்று பிரித்துச் சொல்வதால் ‘ட்வெண்டிஃபைவ்’ சரியே.

அதே கறுப்புப் புள்ளிக்கு எண்ணில் பெயர் பாயிண்ட், மின்னஞ்சல் முகவரியில் டாட், வாக்கியத்தின் முடிவில் ஃபுல் ஸ்டாப். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

விடுதியில் சமையல் வேலை. ஊட்டியில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. பாய்லிங் பாயிண்ட் மாறும் என்று ஒரு விருந்தினர் சொன்னார். உண்மையா?

உண்மை. கொதிநிலை என்று பள்ளியில் படித்தது 100 டிகிரி செல்சியஸ். அது கடல்மட்டத்துக்கான எண். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்க ஆரம்பித்துவிடும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, நீர்தான் ஆவியாகும். பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை. குக்கரின் மூடி அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை மீண்டும் மேலே தள்ளுகிறது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு சமைப்பவர்களின் பொறுமை எனக்கு இல்லை.

சொல்லைப் பொறுத்தவரை, இங்கே பாயிண்ட் என்பது அளவுகோலில் ஒரு புள்ளி. அதைத் தொட்டதும் பொருளின் நிலை மாறுகிறது: மெல்டிங் பாயிண்ட், ஃப்ரீசிங் பாயிண்ட் எல்லாம் அப்படித்தான். மனிதர்களுக்கும் இதைச் சொல்வார்கள். பொறுமை எல்லை மீறும் தருணம் ‘பிரேக்கிங் பாயிண்ட்’. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

வானிலை அறிக்கையில் ‘டியூ பாயிண்ட்’ என்று வருகிறது. தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. காற்றில் இருக்கும் ஈரம் பனித்துளியாகத் திரள ஆரம்பிக்கும் வெப்பநிலைதான் டியூ பாயிண்ட், பனிநிலை. காற்று வறண்டிருந்தால் அது கீழே இருக்கும். ஈரமாக இருந்தால் மேலே. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு இழந்துவிடுகிறது. இலையின் மேற்பரப்பு சுழியத்துக்குக் கீழே போய், ஈரம் துளியாகாமல் நேரே வெண்படிகமாகப் படிந்தால் அதுதான் உறைபனி. தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பதற்கு அதுவே காரணம். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளமான இடங்களில் தேங்கும். அதனால்தான் சரிவில் இருக்கும் தோட்டம் தப்பி, கீழே தாழ்வில் இருக்கும் கொழுந்து கருகுகிறது.

மாலையிலேயே பனிநிலை மிகத் தாழ்வாக இருந்து, வானமும் தெளிவாக இருந்தால் அன்றிரவு கவனமாக இருங்கள். காய்கறி நாற்றுகளை மூடி வைப்பவர்கள் இதை எண் இல்லாமலே வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

மலை ரயிலில் ‘பாயிண்ட்ஸ்மேன்’ என்றொரு வேலை இருக்கிறதே, அவர் எதைக் காட்டுகிறார்?

காட்டுவதில்லை, மாற்றுகிறார். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் இடத்தில், நுனி சீவியதுபோல் கூராக்கப்பட்ட இரண்டு தண்டவாளத் துண்டுகள் பக்கவாட்டில் நகரும். அந்தக் கூர்முனைகளுக்குத்தான் பாயிண்ட்ஸ் என்று பெயர். ஒரே இடமாக இருந்தாலும் பன்மையில்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் அதையே ‘ஸ்விட்ச்’ என்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டர் பாதையில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும் நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் இருக்கிறது. குன்னூரில் எஞ்சின் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பாயிண்ட்ஸ் அசைவதையும் பார்க்கலாம்.

‘பாயிண்ட் அட்’, ‘பாயிண்ட் டு’, ‘பாயிண்ட் அவுட்’ – மூன்றையும் குழப்பிக்கொள்கிறேன்.

‘பாயிண்ட் அட்’ என்றால் விரலையோ துப்பாக்கியையோ ஒன்றின் மேல் நேராகக் குறிவைப்பது. மனிதர்களை நோக்கி அப்படிச் செய்வது மரியாதையில்லை. ஆங்கிலத்திலும் இல்லை, நம்மிடமும் இல்லை. ‘பாயிண்ட் டு’ என்றால் ஒரு திசையை அல்லது காரணத்தைச் சுட்டுவது: மேகம் மழையைச் சுட்டுகிறது, கணக்கு நஷ்டத்தைச் சுட்டுகிறது. ‘பாயிண்ட் அவுட்’ என்றால் மற்றவர் கவனிக்காததை எடுத்துச் சொல்வது. பில்லில் தவறு இருக்கிறது என்று விருந்தினர் சொன்னால் “தேங்க் யூ ஃபார் பாயிண்டிங் இட் அவுட்” என்று சொல்லுங்கள். வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

வங்கி வட்டி 25 ‘பேசிஸ் பாயிண்ட்’ குறைந்தது என்கிறார்கள். என் கடனில் கால்பங்கு குறையுமா?

அப்படி நினைத்து மகிழ்ந்தவர்கள் பலர். நூறு பேசிஸ் பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு சதவீதப் புள்ளி. ஆகவே 25 என்பது 0.25, வட்டி 9 சதவீதமாக இருந்தால் 8.75 ஆகும்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். வட்டி 9 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானால் அது ஒரு சதவீதம் கூடவில்லை. ஒரு ‘பர்சென்டேஜ் பாயிண்ட்’ கூடியது. சதவீதத்தில் பார்த்தால் சுமார் 11 சதவீத உயர்வு. விளம்பரம் எழுதுபவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேவைப்படும்போது தெரியாததுபோல் எழுதுவார்கள்.

எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து திரும்பியவர். ‘பாயிண்ட் பெட்ரோ’ என்று ஒரு ஊர்ப்பெயர் சொல்வார். அங்கே என்ன பாயிண்ட்?

அது பருத்தித்துறை. இலங்கையின் வடகோடியில் நிலம் கடலுக்குள் நீட்டும் இடம், எனவே முனை என்ற பொருள். நம் கோடியக்கரைக்கு ஆங்கிலத்தில் ‘பாயிண்ட் காலிமர்’. கோடி என்றாலே விளிம்பு, முனை. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நம்மவர்கள் அந்த நிலத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் இந்திரா பாயிண்ட் இந்திய நாட்டின் தென்கோடி. பள்ளிப் பிள்ளைகள் கன்னியாகுமரி என்று எழுதிவிடுவார்கள். அது நிலப்பரப்பின் தென்முனை மட்டுமே.

மெக்கானிக்கும் கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் போலீஸும் ஆளுக்கொரு பாயிண்ட் சொல்கிறார்களே?

நால்வரும் சரியாகவே சொல்கிறார்கள், அதுதான் வேடிக்கை. பழைய பெட்ரோல் ஜீப்பில் தேய்ந்துபோகும் சி.பி. பாயிண்ட், பொறிக்காக ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரண்டு முனைகள். கொத்தனாரின் ‘பாயிண்டிங்’, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கைக் கரணையின் நுனியால் கலவை வைத்து அடைப்பது. பிரிட்டிஷ் காலத்துக் கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் கட்டிய கல் பங்களா போன்ற பழைய கட்டடங்களில் ஈரம் உள்ளே புகாமல் இருப்பதற்கு அந்த வேலைதான் காவல். அதைச் செய்யாமல் மேலே பெயிண்ட் மட்டும் அடிப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. எலெக்ட்ரீஷியன் ‘பாயிண்டுக்கு இவ்வளவு’ என்று கூலி பேசுவது, கம்பி போய் முடியும் இடங்களை எண்ணி. பிளக் செருகும் இடத்தை அமெரிக்க விருந்தினர் ‘அவுட்லெட்’ என்று கேட்பார். ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். போலீஸின் ‘பாயிண்ட் டியூட்டி’ பிரிட்டிஷ் காலத்துச் சொல்: ஓரிடத்தில் நின்று போக்குவரத்தைக் கவனிப்பது.

நம் அரசு பஸ்களின் ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ நடுவில் எங்கும் நிற்காத வண்டி. பிரிட்டனில் அதே பெயரில் ஒரு குதிரைப் பந்தயம் இருக்கிறது, வேலி தாண்டி ஓடுவது. டிக்கெட் கவுண்டரில் ஒரு ஆங்கிலேயர் சிரித்தால் காரணம் அதுதான்.

கிரிக்கெட்டில் ‘பாயிண்ட்’ ஏன் அங்கே?

ஆரம்ப காலத்தில் அவர் பேட்டின் முனைக்கு அருகே நின்றதால். ஆஃப் பக்கத்தில் மட்டையாளருக்கு நேர் பக்கவாட்டில் இருக்கும் இடம். 1992 உலகக் கோப்பையில் ஜான்டி ரோட்ஸ் அந்தப் பக்கத்திலிருந்து பந்தோடு ஓடிவந்து, ஸ்டம்பின் மேலே பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் செய்த பிறகு, எங்கள் தெருவில் எல்லாப் பையன்களுக்கும் பாயிண்ட்டில்தான் நிற்க வேண்டும்.

விருந்தினர் கோபமாகப் பேசும்போது பணிவாகப் பதில் சொல்ல இந்தச் சொல் உதவுமா?

நன்றாகவே உதவும். “யூ ஹாவ் எ பாயிண்ட்” என்றால் ‘நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது’. முழுவதும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதுவே அதன் அழகு. “அப் டு எ பாயிண்ட்” என்றால் ‘ஓரளவுக்கு’. “பாயிண்ட் டேக்கன்” என்றால் ‘புரிந்துகொண்டேன், இனி கவனிக்கிறேன்’. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும் குரல் முக்கியம். விறைப்பாகச் சொன்னால் ‘போதும், நிறுத்துங்கள்’ என்று கேட்கும்.

தவிர்க்க வேண்டியவை: “கம் டு தி பாயிண்ட்” என்பது நாம் தமிழில் “பாயிண்டுக்கு வாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வதுபோல் அல்ல, அங்கே அது அதட்டல். “தட் இஸ் நாட் தி பாயிண்ட்” என்பதும் அப்படியே. பதிலாக, “சோ, வாட் வுட் யூ லைக் அஸ் டு டூ?” என்று கேட்டுவிடுங்கள். பேச்சு தானாகவே விஷயத்துக்கு வந்துவிடும்.

அறையில் ஒட்ட அறிவிப்பு அச்சடிக்கிறோம். எழுத்து 12 பாயிண்ட் போதுமா?

அச்சில் 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். 12 என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. கையில் வைத்துப் படிக்கும் தாளுக்கு அது சரி. சுவரில் ஒட்டிக் கட்டிலிலிருந்து படிக்க வேண்டுமென்றால் 36க்குக் குறையாமல் வையுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற வரியை இன்னும் பெரிதாகப் போடுங்கள், எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள்.